கத்திரி வெயில்ல மேனேஜரோட ஐஸ் மீன்பிடி

ஆபீஸ் ஆளுங்க எட்டு பேரை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போயிட்டு வரணும். அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை.

2006, மே மாசம். மரக்காணத்துல ஒரு உப்புக் கம்பெனியில நான் எடை எழுதிக்கிட்டு இருந்தேன். கம்பெனின்னா பெருசா நினைச்சிக்காதீங்க. ஆபீஸ் ரூம் ஒண்ணு, பேக்கிங் ஷெட் ஒண்ணு, மீதியெல்லாம் உப்பளம். உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு மூட்டை எடையை நோட்டுல எழுதணும். மேலேருந்து வெயில் அடிக்கும். கீழேருந்து உப்பு அதைத் திருப்பி அடிக்கும்.

ஆறு வருஷம் இப்படியே போச்சு. பக்கத்துல இருக்கிற பிரம்மதேசத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனோம். பொண்ணோட மாமா எங்கம்மாகிட்ட மெதுவா, "மாப்பிள்ளைக்கு நாப்பது இருக்குமாங்க?"ன்னு கேட்டாரு.

எனக்கு இருபத்தெட்டு!

அதனால ஆபீஸ் ரூம்ல காலியா இருந்த கிளார்க் சீட்டு மேல எனக்கு ஒரு கண்ணு. ஃபேனுக்கு நேர் கீழே இருக்குது அந்த நாற்காலி. அதுல உக்காந்துட்டா கல்யாணமே ஆயிடும்னு நம்பிக்கிட்டு இருந்தேன்.

மேனேஜர் மெட்ராஸ்லேருந்து புதுசா வந்தவரு. வந்த வாரமே உப்பு வார்ற ஆளுங்களோட பத்து மணி டீயை நிறுத்திட்டாரு. "டீ குடிச்சா உடம்பு சூடாவும்பா"ன்னு அக்கறை வேற. அவருதான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு.

"நேத்து டிவியில பார்த்தேன் பழனி. ஏரி பூரா ஐஸ்! அதுல ஓட்டை போட்டு, ஆபீஸ் ஸ்டாஃப் எல்லாம் சுத்தி உக்காந்து மீன் பிடிக்கிறாங்க. என்ன ஒரு ஒத்துமை! நாமளும் போறோம்."

"சார், நம்ம ஊர்ல ஐஸ் வண்டிக்காரன்கிட்டதான் ஐஸ் இருக்குது."

"ஐஸை நாம கொண்டுட்டுப் போவோம்யா. மதியம் வரைக்கும் எல்லாம் ஜில்லுனு இருக்கணும். அதை நீ பார்த்துக்க. அந்த கிளார்க் சீட்டைப் பத்தி நான் யோசிக்கிறேன்."

எனக்கு அப்பவே தலைக்கு மேல ஃபேன் சுத்த ஆரம்பிச்சுது.

கழுவெளின்னு எங்க ஊர்ல உப்புத் தண்ணி ஏரி ஒண்ணு இருக்குது. அங்க படகு வச்சிருக்கிற சேகர் அண்ணன்கிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். அவரு பீடியை வாயிலேருந்து எடுத்துட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு.

"எட்டு பேரு வந்து தூண்டில் போடுறீங்களா? ஏம்பா, நான் ஒருத்தன் வலை போட்டா உங்க எட்டு பேருக்கும் குழம்பு வைக்கலாமே!"

"மீன் முக்கியம் இல்லைண்ணே. ஒத்துமை வளரணுமாம்."

"அது வளர்ந்தா இன்னா, வளராட்டி இன்னா? ஐஸ் பொட்டி தரேன். ஒடைச்சிட்டீன்னா தொலைச்சிடுவேன்."

ஞாயித்துக்கிழமை விடியக்காலை ஐஸ் கம்பெனிக்குப் போய் ஐஸ் பார் வாங்கி நொறுக்கிக்கிட்டேன். "எவ்வளவு நேரம் தாங்கும்?"ன்னு கேட்டேன். "இந்த வெயிலுக்கா? சாமிக்குத்தான் வெளிச்சம்"னு சொல்லிட்டான் அந்த ஆளு.

இங்கதான் என் மூளை வேலை செஞ்சுது.

மீன் கெடாம இருக்க நாங்க இன்னா போடுவோம்? உப்பு. மாங்கா கெடாம இருக்க? உப்பு. பல்லு வலிச்சா உப்பு, திருஷ்டி பட்டா உப்பு. உப்பளத்துல பொறந்தவனுக்கு வேற வைத்தியமே தெரியாது. பேக்கிங் ஷெட்டுலேருந்து அரை மூட்டை கல்லுப்பைக் கொண்டாந்து ஐஸ் மேல கொட்டிக் கிளறிட்டேன்.

பேக்கிங் செக்ஷன் ஸ்டெல்லா அக்கா எல்லாருக்கும் தயிர் சாதம் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. நான் பண்றதை ஒரு மாதிரி பார்த்தாங்க.

"ஏம்பா பழனி, ஐஸ் இன்னா ஊறுகாயா? கெட்டா போவும்?"

"எதுவா இருந்தாலும் உப்பு போட்டா தாங்கும்க்கா!"

அந்தக் கர்வத்துலயே தயிர் சாதத் தூக்கு, கலர் பாட்டிலுங்க, தண்ணி பாட்டிலுங்க, தூண்டிலுக்கு எறா, மேனேஜரோட எவர்சில்வர் பாட்டில் எல்லாத்தையும் அதுக்குள்ள புதைச்சு மூடினேன்.

ஏழு மணிக்குப் படகு கிளம்புச்சு. ஏரிக்குள்ள போய் நங்கூரம் போட்டோம். இரைக்காகப் பெட்டியைத் திறந்தா, எறா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு செங்கல்லு மாதிரி இருக்குது. சேகர் அண்ணன் கத்தியால கொத்தினாரு. கத்தி வழுக்கிச்சு.

மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இதான்யா ஐஸ் ஃபிஷிங்! பிரமாதம் பழனி!"

நான் நாற்காலியில பாதி உக்காந்துட்டேன்.

பெயர்த்தெடுத்த எறாவை முள்ளுல கோத்துப் போட்டோம். ஒரு மீன் கூட எட்டிப் பார்க்கலை. பதினோரு மணி வெயில்ல எட்டு பேரு எட்டு மூங்கில் குச்சியைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம். ஒத்துமையா வேர்த்துச்சு.

"பசிக்குதுப்பா"ன்னு ஸ்டெல்லா அக்கா தூக்கைத் திறந்தாங்க. கரண்டியை விட்டாங்க. கரண்டி வளைஞ்சிட்டுது.

"டேய் பழனி! தயிர் சாதத்துல சிமெண்ட் கலந்தியா?"

பதில் சொல்றதுக்குள்ள பெட்டிக்குள்ள 'டப்'புனு ஒரு சத்தம். கலர் பாட்டில் ஒண்ணு வெடிச்சிட்டுது. பின்னாடியே இன்னொண்ணு. தண்ணி பாட்டிலுங்களை எடுத்துப் பார்த்தா எல்லாம் கட்டை. குலுக்கினா சத்தம் கூட வரலை. கரைஞ்சு போகாம இருக்கட்டும்னு நான் போட்ட உப்பு, சும்மா இருந்த ஐஸை இன்னும் பல மடங்கு ஜில்லாக்கி வெறி புடிச்ச ஐஸா ஆக்கிட்டுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. எட்டு பேருக்குக் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்லை!

"என்னோடது நல்ல பாட்டில்யா, ஒண்ணும் ஆயிருக்காது"ன்னு மேனேஜர் எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக் கவுத்தாரு. ஒண்ணும் வரலை. அடைச்சிருக்குதான்னு பார்க்க நாக்கை நீட்டித் தொட்டாரு.

ஒட்டிக்கிச்சு!

"ஆஆ... ஆஆஆ..."

பாட்டிலை இழுத்தா நாக்கும் கூடவே வருது. சேகர் அண்ணன் உதவுறேன்னு வந்து ஒரு இழு இழுத்தாரு பாருங்க, மேனேஜர் கண்ணுலேருந்து தாரை தாரையா ஊத்துது. எனக்கு அழுகையே வந்துட்டுது. நாக்குக்காக இல்லை, நாற்காலிக்காக.

"இழுக்காதீங்க, பிஞ்சிடும்! சுடுதண்ணி ஊத்தினா விட்டுடும்!"னு ஸ்டெல்லா அக்கா கத்தினாங்க.

"சுடுதண்ணிக்கு எங்கக்கா போறது?"

"சுத்தி என்னாடா இருக்குது? மே மாசத்து ஏரி! தலையை உள்ள விடுங்க!"

அதுவும் சரிதான். ரெண்டு பேரு காலைப் பிடிச்சிக்கிட்டாங்க. ஸ்டெல்லா அக்கா சட்டையைப் பிடிச்சிக்கிட்டாங்க. நான் மேனேஜரோட பின்னந்தலையைப் பிடிச்சு, பாட்டிலோட சேர்த்துத் தண்ணிக்குள்ள அமுக்கினேன்.

அந்த நேரம் பார்த்து கரையில எங்க கம்பெனி உப்பு வார்ற ஆளுங்க, பத்துப் பதினஞ்சு பேரு, ஞாயித்துக்கிழமை அரை நாள் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்காங்க. அங்கேருந்து பார்த்தா பாட்டில் தெரியுமா? நாக்கு தெரியுமா? ஸ்டாஃப் எல்லாம் சேர்ந்து மேனேஜரைத் தண்ணியில முக்குறது மட்டும்தான் தெரியும்.

ஓடி வந்து தடுப்பாங்கன்னு நினைச்சேன்.

விசில் அடிச்சாங்க!

"அப்படிப் போடு பழனி!"

"இன்னும் கொஞ்சம் அமுக்கு பழனி, டீயை நிறுத்தினாரில்ல!"

சரியா அந்த நேரம் நாக்கு விடுபட்டு மேனேஜர் தலை மேல வந்துட்டுது. கடைசியா சொன்னது அவரு காதுல முழுசா விழுந்துட்டுது. கரையைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. அப்புறம் கரை சேர்ற வரைக்கும் வீங்குன நாக்கை வெளிய நீட்டிக் கையால விசிறிக்கிட்டே வந்தாரு. தயிர் சாதம் அப்பவும் உருகலை.

அன்னிக்கு ராத்திரி, சீட்டு போச்சு, வேலையும் போகும், பிரம்மதேசத்துப் பொண்ணோட மாமா அம்பது இருக்குமான்னு கேப்பாருன்னு படுத்துக் கிடந்தேன்.

திங்கக்கிழமை உப்பளத்துக்குப் போனா, ஆளுங்க எல்லாம் எழுந்து நிக்கிறாங்க. ஒருத்தர் கையைப் பிடிச்சுக் குலுக்குறாரு. ஒருத்தர் துண்டை எடுத்து என் தோள்ல போர்த்துறாரு. "பழனிதான் இனிமே நம்ம தலைவரு"ன்னு ஒரு குரல். "ஐயோ, நாக்கு ஒட்டிக்கிச்சுங்க, அதான்"னு நான் கெஞ்சுறேன். "எங்களுக்குத் தெரியாதாப்பா"ன்னு கண்ணடிக்கிறாங்க. ஜன்னல் வழியா மேனேஜர் இதைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.

பத்து நிமிஷத்துல கூப்பிட்டு அனுப்பிட்டாரு.

உள்ள போனேன். அவரு நாக்கு இன்னும் சரியாகலை, பேச முடியலை. காலி நாற்காலியைக் கையால காட்டினாரு. ஒரு பேப்பர்ல எழுதி என் பக்கம் தள்ளினாரு: 'இன்னிலேருந்து உனக்கு உள்ளதான் வேலை. தயவுசெய்து அந்த ஆளுங்க பக்கம் போகாதே.'

ஆறு வருஷம் வெயில்ல நின்னு உழைச்சும் கிடைக்காத நாற்காலி, மேனேஜர் தலையை அரை நிமிஷம் அமுக்கினதுல கிடைச்சுது.