முளைப்பாரி அறைக்கு நான் அதிகாரியான கதை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை ஒப்புக்கொள்வதற்குள் கல்யாணமாகி முப்பது வருடம் ஓடிவிட்டது. அந்த வாயால், பினாங்கில் வந்திறங்கிய நான்காம் மாதமே என்னைத் திரும்பக் கப்பலேற்றியிருப்பார்கள்.

துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த என் கணவரின் வீடு ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு அந்தச் சந்தில் ஐந்து வீட்டார் சேர்ந்து முளைப்பாரி போடுவார்கள். சட்டிகளில் மண்ணும் எருவும் நிரப்பி, பயறுகளை விதைத்து, வெயிலே படாமல் எங்கள் வீட்டு இருட்டறையில் வளர்க்க வேண்டும். விரதம் இருக்கும் ஒருத்தி மட்டுமே உள்ளே போகலாம். பயிர் கெட்டுவிட்டால் அவளுடைய ராசி சரியில்லை என்று அர்த்தம். அவள் புது மருமகளாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"இந்த வருசம் யாரு வெரதம் இருக்கறது?" என்று மாமியார் கேட்டார்.

"நானே பாத்துக்கறேன் அத்தே. எங்க ஊர்ல நான் வளர்த்தா முழ ஒசரம் வரும்."

(எங்கள் ஊரில் வளர்த்தது என் பெரியம்மா. நான் எட்டிப் பார்த்ததோடு சரி.)

எங்கள் ஊர் இராமநாதபுரத்துப் பக்கம். காற்றில் ஈரம் என்ற பேச்சே கிடையாது. பெரியம்மா ஜன்னலை அடைத்து, வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, மூன்று வேளை தண்ணீர் தெளிப்பார். நானும் அப்படியே செய்தேன். ஈரம் வீணாகக் கூடாதென்று சட்டிகளின் அடி ஓட்டைகளைத் துணியால் அடைத்தேன். கூடுதல் அக்கறையாக மூலையில் ஒரு கணப்புச் சட்டியும் வைத்தேன். வெளியே மூன்று நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் கதவைத் திறந்ததும் வாடை மூக்கில் அறைந்தது. ஐந்து சட்டிகளிலும் வெள்ளைப் பூஞ்சணம். மண்ணுக்குள் விரலை விட்டால் சுட்டது. கணப்பை அணைத்தேன், சாக்கைக் கழற்றினேன், அடைத்த ஓட்டைகளைத் திறந்தேன், முறத்தால் விசிறினேன். ஜன்னலைத் திறக்க மட்டும் துணிச்சல் வரவில்லை. திறந்தால் சந்தே எட்டிப் பார்க்கும்.

மாமியார் தினமும் கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் பூக்கட்டுவார்.

"மொளை எம்புட்டு இருக்கு செல்லம்?"

"நாலு வெரக்கட அத்தே."

"ஏதோ வாடை வருதே?"

"எரு அத்தே."

ஆறாம் நாள் கேட்டபோது, "சாண் வந்துருச்சு" என்றேன். சட்டியில் பயறு கூழாகிக்கொண்டே போக, என் வாயில் பயிர் வளர்ந்துகொண்டே போனது.

எட்டாம் நாள் மாலை ஊர்வலம். காலையில் மாமியார் கஞ்சி காய்ச்சக் கோயிலுக்குப் போனதும், ஒரு சட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு பின்சந்துக்கு ஓடினேன். அங்கே ஆ சிம் என்ற சீனத்து அம்மா வீட்டிலேயே தவ்கே, அதாவது பாசிப்பயறு முளை, வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார். என் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"பானாஸ் லா" என்றார். சூடாம். "அங்கின் தடா." காற்றே இல்லையாம்.

தன் ஜாடிகளைக் காட்டினார். அங்கேயும் இருட்டுதான். ஆனால் அடி ஓட்டைகளில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, காற்றும் போய்வந்தது. உள்ளே நாலு விரல் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று முளைகள். நான் அழுகையை அடக்கிக்கொண்டு அவற்றைக் கைகாட்டினேன். ஒரு கூடை நிறைய அள்ளிக் கொடுத்தார்.

மதியம் வரை அழுகியதை வழித்தெடுத்து, புது மண் போட்டு, ஒவ்வொரு தவ்கேயாக நட்டேன்.

மாலையில் மாமியார் சட்டிகளைப் பார்த்தார். "சாணுன்னு சொன்ன?"

"வெக்கையில குறுகிப்போச்சு அத்தே."

பிறகு ஒரு சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். ஊர்வலம் கடற்கரையை நோக்கி நடந்தது. பின்னால் போன நான் அந்தச் சட்டியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. தண்ணீருக்குப் பத்தடி இருக்கையில் நாலைந்து முளைகள் சரிந்து அவர் தோளில் விழுந்தன. ஒன்றை எடுத்தார். உற்றுப் பார்த்தார். வாயில் போட்டு மென்றார். நான் மனசுக்குள் நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அவர் விழுங்கிவிட்டு, எல்லோரையும்விட உரக்கக் குலவையிட்டார். சட்டிகளைக் கவிழ்த்ததும் தவ்கே கூட்டமாக மிதந்தது. "இந்த வருசம் ஆத்தாளுக்கு வெள்ளப் பயிரு" என்று அவரே மற்ற பெண்களிடம் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். நான் காலில் விழப் போனேன்.

"நான் கல்யாணமாகி வந்த வருசம் அஞ்சு சட்டியும் அழுவிப்போச்சு. மூணு மாசம் ஒருத்தரும் என்கிட்ட பேசல. நீ முழ ஒசரம்னதும் வெவரமான புள்ளைன்னு நம்பிட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் பொறாமையோடு, "இந்த ரோசன எனக்குத் தோணாமப் போச்சே" என்றார்.

எட்டு நாள் அழுகையும் அப்போதுதான் வந்தது.

அத்தை இதை என் கணவரிடம் சொன்னதுதான் வினை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தவ்கே பிரட்டினால், அவர் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகே சோற்றில் கை வைப்பார். பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதை ஏதோ குல வழக்கம் என்று நினைத்துவிட்டார்கள். போன வாரம் கடையில் தவ்கே போட்டு வறுத்த மீ கோரிங் நூடுல்ஸ் வந்ததும் என் மூத்த மகன் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். பக்கத்து மேசைக்காரர் அவனைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார், எதற்கும் இருக்கட்டும் என்று தானும் போட்டுக்கொண்டார்.