புது பாய்லருக்குக் குளிர் ஆகாது

அந்த நவம்பரில் எங்கள் அப்பா ப்ரோனெக் ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்தார். பெரியம்மாவை இந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் விடக் கூடாது. நான்தான் தடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லத் தைரியம் போதவில்லை. அதனால் பாய்லர் தடுக்கிறது என்றார்.

ஹோனோரட்டா பெரியம்மா அம்மாவின் அக்கா. பெரியப்பா போய்ச் சேர்ந்த கையோடு, அவள் குடியிருந்த வீட்டையும் விற்றுவிட்டார்கள். டிசம்பர் முடிவதற்குள் காலி பண்ணியாக வேண்டும். வேறு போக்கிடம் இல்லை. எங்கள் மாடியில், பின்கட்டிலிருந்து தனிப் படிக்கட்டோடு ஒரு பின்னறை சும்மா கிடந்தது. எங்கள் ஊர் பஃபலோவில் நவம்பரில் சூரியன் அஸ்தமித்தால் மார்ச்சில்தான் உதிக்கும். இருட்டு, பனி, ஏரிக்காற்று. அதில் ஒரு கிழவி பெட்டியோடு தெருவில் நிற்பதை நினைத்து அம்மா ராத்திரியெல்லாம் மூக்கைச் சிந்தினாள்.

அந்த நேரம் பார்த்து, வீட்டைச் சூடாக்கும் எங்கள் பழைய பாய்லர் செத்தது. யானை சைஸ். பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானாக ஏறி அறைக்கு அறை இருக்கும் ரேடியேட்டருக்குள் போய்ச் சூடு தரும், ஆறின தண்ணீர் தானாக இறங்கும். குழாய் ஒவ்வொன்றும் பெரியம்மா தொடை மாதிரி. சால் என்கிற குழாய்க்காரர் வந்து யானையை வெட்டி எடுத்துவிட்டு, ஃபிரிட்ஜ் அளவில் ஒரு புது பாய்லரையும் ஒரு பம்பையும் மாட்டினார். சால் ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

“யோவ் ப்ரோனெக்! உன் குழாய்க்குள்ள ஒரு குளமே இருக்குய்யா! அத்தனை தண்ணியும் சில்லுனு திரும்பி வந்து இந்தப் பொடியன் வயித்துல விழுந்தா, அடுப்புக்குள்ள வேர்த்துக் கொட்டும். அது வேர்வை இல்ல, அமிலம். இரும்பைத் தின்னுடும்! அதான் இங்க ஒரு குறுக்குக் குழாய் போட்டிருக்கேன். சுடுதண்ணி கொஞ்சம் இப்படியே சுத்தி வந்து, குளிர்ந்த தண்ணியோட கலந்துக்கும். இனி பொடியனுக்கு ஆபத்தே இல்ல. எல்லா ரூமையும் திறந்து விடு!”

அப்பா அடித்தளத்திலிருந்து மேலே வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். ‘இரும்பைத் தின்னுடும்’ வரைக்கும். அங்கே நிறுத்திக்கொண்டார்.

“அப்போ மாடிப் பின்னறை?” என்றாள் அம்மா.

“மூடித்தான் வைக்கணும் யாத்விகா. அந்த ரேடியேட்டரைத் திறந்தா இன்னும் அவ்வளவு தண்ணி குளிர்ந்து வரும். பாய்லர் தாங்காது. பச்சக் குழந்தை.”

“அக்கா எங்க போவா?”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பாய்லருக்கு ஆகலையே!”

“உங்களுக்குத்தான் அக்காவை ஆகாது. இப்ப பாய்லருக்கும் ஆகலையா?”

“அது இரும்புடி. அதுக்கு என்ன பகை?”

“இரும்புக்குப் பகை இல்லைங்க. உங்களுக்குத்தான் மனசு இரும்பு.”

அத்தோடு அம்மா பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பொய் நம்பும்படி இருக்க வேண்டுமே என்று அப்பா கீழே எல்லா ரேடியேட்டரையும் திருகிச் சூட்டைக் குறைத்தார். சாப்பிடும்போதும் ஓவர்கோட்டு. பீட்ரூட் சூப் தட்டுக்கு வருவதற்குள் ஆறிப்போகும். மூச்சு புகை புகையாகப் போய் விளக்கடியில் கலந்துகொள்ளும். அப்பா முழங்கால் வலிக்காரர்; படுக்கையும் தரைத்தளத்திலேயே, மாடிப்படி ஏறிப் பல மாதமாகிறது. கூடத்தில் உட்கார்ந்தபடியே பாய்லரைப் புகழ்ந்துகொண்டிருப்பார்.

“பொடியன் எவ்வளவு அமைதியா வேலை பாக்கறான் பாத்தியா? தொந்தரவு பண்ணாம இருந்தா முப்பது வருஷம் உழைப்பான்.”

“தொந்தரவு பண்ணாம இருந்தா நானும்தான் உழைப்பேன்” என்பாள் அம்மா, உருளைக்கிழங்கைப் பார்த்து.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் எங்கள் வீடுகளில் விருந்து. வெளியே ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிறது, நட்சத்திரத்துக்கு எங்கே போவது? தெருவிளக்கைப் பார்த்து, “அதோ!” என்றார் அப்பா. உட்கார்ந்தோம். வழக்கப்படி மேசையில் ஒரு தட்டு கூடுதல். அழையாமல் யார் வந்து கதவைத் தட்டினாலும் அவர்களுக்கு அது. வேறு எதை மறந்தாலும் இந்தத் தட்டை மட்டும் அப்பா மறக்க மாட்டார்.

மீனில் கை வைத்தார். பின்கட்டுக் கதவு தட்டப்பட்டது.

திறந்தார். பெரியம்மா! ரோமக் கோட்டு, தலையில் முக்காடு, காலில் வீட்டுச் செருப்பு. அத்தனை பனியில் வந்தவள் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்பா இருந்த இருப்பில் அதைக் கவனிக்கவில்லை.

“இடம் இருக்கா ப்ரோனெக்?”

தட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். “இருக்கு” என்ற சத்தம் தொண்டையிலிருந்து முள்ளோடு வந்தது.

பெரியம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“இந்தப் பனியில அக்காவை இனி அனுப்ப முடியாது. பின்னறை பாய்லருக்கு ஆகாது. அதனால நம்ம ரூம்ல அக்காவும் நானும் படுத்துக்கறோம்.”

“நான்?”

“நீங்க கீழ, பாய்லர் பக்கத்துல. மார்ச் வரைக்கும்தானே? பச்சக் குழந்தை, ராத்திரி தனியா கிடக்கு.”

அப்பா அடித்தளக் கதவைப் பார்த்தார். கதவிடுக்கு வழியாகப் பூஞ்சை வாடை வந்தது. கரியும் எலியும் ஒரு கட்டிலும் அவர் கண்முன்னே வந்திருக்க வேண்டும். மீன் தட்டைத் தள்ளி வைத்தார்.

“யாத்விகா... சால் வந்து... இன்னொண்ணும் சொன்னான்.”

“அப்படியா?”

“ஏதோ குறுக்குக் குழாய் போட்டிருக்கானாம். பாய்லருக்கு ஒண்ணும் ஆகாதாம். பின்னறையைத் தாராளமாத் திறக்கலாமாம்.”

“வேணாங்க. குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?”

“ஆகாது! நான் பொறுப்பு! உங்கக்கா அங்கயே இருக்கட்டும். ஈஸ்டர் வரைக்கும் இருக்கட்டும். எப்பவும் இருக்கட்டும்! கெஞ்சிக் கேக்கறேன்!”

“அக்கா, கேட்டுக்கிட்டியா?”

“கேட்டுது, கேட்டுது” என்றாள் பெரியம்மா, முட்டைக்கோஸை மென்றபடி.

அம்மா மனசு மாறுவதற்குள் அப்பா ரேடியேட்டர் சாவியைத் தூக்கிக்கொண்டு, முழங்காலை மறந்து மாடிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன், இதை விடுவேனா? பின்னறைக் கதவைத் தள்ளி, இருட்டில் ரேடியேட்டரைத் தடவினார்.

“ஆ!”

கை சுட்டுவிட்டது. விளக்கைப் போட்டேன். ரேடியேட்டர் மேல் பெரியம்மாவின் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. கட்டிலில் அவள் ரஜாய். ஜன்னலில் அவள் திரைச்சீலை. மூலையில் காலிப் பெட்டிகள்.

“எப்போலேர்ந்து?” என்றார் அப்பா, ஊதிக்கொண்டே.

“சால் போன மறுநாள்லேர்ந்து” என்றாள் படியேறி வந்த அம்மா. “அவர் மெதுவாப் பேசி நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா?”

அவளுக்குப் பின்னால் பெரியம்மா வந்தாள். கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ, ப்ரோனெக். குளிர் உள்ள வருது.”