கழுத்தில் பிடித்த காற்று

இதை நான் ஒழுங்காகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். முன்னால் வரவேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். என் கணவர் ஜிவோயின் இதைப் படித்தால் வரிக்கு வரி வழக்குப் போடுவார். நல்லவேளை, தீப்பெட்டியில் அச்சடித்திருப்பதற்கு மேல் அவர் எதையும் படிப்பதில்லை.

மொராவா ஆற்றங்கரையில் எங்கள் ஊர். ஜிவோயின் பஞ்சர் ஒட்டுகிறவர். லாரிக்குக் கீழே படுக்கப் பயமில்லை. மகள் யாகொடாவின் பள்ளிக்கூட வாசலை மட்டும் மிதிக்க மாட்டார். "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்பார். இந்தப் பொம்பளைக்கோ கரும்பலகை என்றாலே இன்றைக்கும் பயம். ஆக, அவள் இரண்டாம் வகுப்புக்கு வந்தும் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

"உள்ள என்னடி நடக்குது?" என்று யாகொடாவைக் கேட்பேன்.

"ஒண்ணுமில்ல."

அந்த ஒண்ணுமில்லை எப்படித்தான் இருக்கும் என்று பார்த்துவிட எனக்கு ஒரே அரிப்பு.

ஜனவரியில் புனித சாவா திருநாள் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கென்றே உள்ள திருவிழா. பாதிரியார் அப்பம் உடைப்பார், பிள்ளைகள் பாட்டுச் சொல்வார்கள்.

"அப்பா வந்தாத்தான் நான் பாட்டுச் சொல்லுவேன்" என்றாள் யாகொடா. "எனக்கு அப்பாவே இல்லன்னு எங்க கிளாஸ் ஓக்னியன் சொல்றான். ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போப்பா."

ஜிவோயின் உருகிவிட்டார். மீசைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். திருநாள் காலையில் பார்த்தால் போர்வைக்குள் முனகல். கழுத்து இடப்பக்கம் கோணிக் கிடந்தது.

"டெசா, காத்து அடிச்சிருச்சு."

"எந்தக் காத்து?"

"குறுக்குக் காத்துதான். ஜன்னலும் கதவும் ஒண்ணாத் தெறந்து கெடந்துச்சு. கழுத்துல பிடிச்சிருச்சு."

எங்கள் ஊரில் ஓநாயைக்கூட எதிர்த்து நிற்பார்கள், குறுக்குக் காற்றை எதிர்த்து யாரும் பேச மாட்டார்கள். வெயிலில் பஸ் அடுப்பாகக் கொதித்தாலும் இரண்டு ஜன்னலைத் திறக்க ஒருவருக்கும் துணிச்சல் வராது. நான் அரண்டுபோய்க் காப்பி போட ஓடினேன். திரும்பி வந்தால் கழுத்து வலப்பக்கம் கோணியிருந்தது.

"காத்து நகருது போலிருக்கே?"

"காத்துன்னா நகராம நட்டுவச்ச மாதிரி நிக்குமாடி?"

வாசலில் யாகொடா நின்றிருந்தாள். தலையில் கட்டிய புது ரிப்பனை மெதுவாக அவிழ்க்கத் தொடங்கினாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ!

"இதுக்குத்தான் மருந்து இருக்கே. கம்பளிக் காலுறையச் சாராயத்துல முக்கிக் கால்ல மாட்டணும்."

"மாட்டு, மாட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டார். தக்கை திறந்த சத்தம் கேட்டதும் மூக்கு விரிந்தது.

"டெசா... அது எந்தக் குப்பி?"

"சீமைமாதுளை."

"அலமாரி உச்சியில நான் ஒளிச்சு வச்சதா?"

"நோய் பெருசு. சின்னச் சாராயம் கேக்காது."

"பிளம் சாராயத்துல முக்குடி!"

"அது இடப்பக்கக் கழுத்துக்கு. உனக்கு இப்ப வலப்பக்கம்."

முதல் காலுறை நன்றாகக் குடித்தது. அதைக் காலில் மாட்டிவிட்டு இரண்டாவதை எடுத்தேன். மனுஷன் கட்டிலிலிருந்து குதித்து நின்றார். கழுத்து கொடிக்கம்பம் போல நிமிர்ந்திருந்தது.

"நல்லாயிருச்சு! குப்பிய மூடு தாயே!"

மகள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் மட்டும் மணக்க மணக்கப் போனார். வழியில் நழுவிவிடக் கூடாதே என்று நானும் பின்னாலேயே போனேன். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே, பனியில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினேன். மேல் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. (கதவு சாத்தியிருந்ததால் ஆபத்தில்லை.)

என்ன அதிசயம்! உள்ளே கரும்பலகையே இல்லை. வெள்ளையாக ஏதோ ஒரு பலகை. அப்பாக்களெல்லாம் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றார்கள். யாகொடா கணீரென்று பாட்டுச் சொன்னாள். கூடவே ஜிவோயினின் உதடும் அசைந்தது. இந்த மனுஷன் எப்போது மனப்பாடம் செய்தார்?

பிறகு பாதிரியார் அப்பத்தை உடைத்தார். பாதியை யார் வாங்குகிறாரோ அவர்தான் அடுத்த வருஷ உபயக்காரர். அப்பாக்கள் எல்லாரும் திடீரென்று மேல்கூரையை ஆராய்ந்தார்கள்.

"எங்க அப்பா வாங்கிக்குவாரு!" என்றாள் யாகொடா. பாதிரியார் கையிலிருந்து அப்பத்தை வாங்கி அவர் கையில் திணித்தாள். "பாத்தியாடா ஓக்னியன்? இதான் எங்க அப்பா."

அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பார்? டீச்சர் ஸ்பொமென்கா கைதட்டினார். "அடுத்த வருஷம் உபயக்காரங்க வீட்டிலிருந்து யாராவது நாலு வார்த்தை பேசணும், ஐயா."

ஜிவோயின் விழித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த என் மூக்கு கண்ணில் பட்டுவிட்டது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"எனக்குப் பேச்சு வராது டீச்சர். என் சம்சாரம் பேசுவா. அதோ, ஜன்னல்ல நிக்கிறா."

எல்லாத் தலையும் திரும்பியது. வாளி உருண்டது. நானும் உருண்டேன்.

அந்த நாலு வார்த்தையிலிருந்து தப்பிக்க, அன்றிலிருந்து தினமும் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் துவட்டாமல், எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டையும் அகலத் திறந்து வைத்து நடுவில் உட்கார்ந்து வருகிறேன். பிறந்தது முதல் இந்தக் காற்றுக்குப் பயந்தே வாழ்ந்தவள் நான்.

இதுவரை ஒரு தும்மல்கூட வரவில்லை.