வல்லை வெளியில் வாலாட்டிய வள்ளம்

யேசு மரி சூசை

அச்சுவேலி,
ஆனி மாதம், புதன்கிழமை.

அன்பும் பட்சமும் நிறைந்த தம்பி அடைக்கலநாதனுக்கு,

குருநகர் உன் மூத்த அக்கா செபஸ்தியம்மா, இன்றைக்கு அச்சுவேலியில் ஒரு கராஜ் வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து சொல்லி எழுதுவிக்கும் கடிதம். எங்கள் கோயில் புனித யாகப்பரின் காவலில் இங்கே நாங்கள் எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம். அந்தக் காவல் பாரிசிலும் உனக்கும் மச்சாளுக்கும் மகள் லவீனாவுக்கும் எட்டவேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டு வருகிறேன். வலக்கண்ணில் புரை வெட்டிப் பதினொரு நாள். வாசிக்க வேண்டாம், எழுத வேண்டாம், குனிய வேண்டாம், குலுங்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வாசிப்பும் எழுத்தும் நான் நாலாம் வகுப்போடு விட்டவை, அதில் கஷ்டமில்லை. ஆகவே நான் சொல்லச் சொல்ல இங்கே ஒருவர் எழுதுகிறார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன ஞாயிறு நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "அந்தக் கிழட்டு ஜீப்பை வித்துப்போடுங்கோ அக்கா. இல்லாட்டி நாலங்குலம் உயர்த்துற செற் ஒண்டு அனுப்புறன், பூட்டுங்கோ, பாக்க ராசா மாதிரி நிக்கும்" என்றாய். நான் வாய் திறக்க முதல் வைத்துவிட்டாய். எழுபத்தொன்பதாம் ஆண்டு என் ரோர்ச் லைற்றைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டும் இப்படித்தான் ஓடினாய். போனில் உன்னோடு கதைத்து வெல்ல ஏலாது. கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க மாட்டாய். அதுக்குத்தான் இது.

ஜீப் உன்னுடையதுதான், மறுக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் நீ வந்து நின்ற ஆறு கிழமைக்கு வாங்கினாய், போகும்போது என் பேரன் எமில்ராஜின் கையில் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனாய். அப்பவே அதுக்கு இருபது வயது. ஆனால் அது இன்றைக்கு என்ன வேலை செய்கிறது என்று உனக்குத் தெரியாது. எங்கள் பரம்பரையில் கடலில் சத்தி எடுக்கிற ஒரே ஆண்பிள்ளை எமில்தான். வள்ளம் கரையில் கட்டிக் கிடக்கேக்கையே அவனுக்குத் தலை சுத்தும். வெளியில் இதைச் சொல்லுறதில்லை, உப்புக்காத்து ஒத்துவரேல்லை எண்டு சொல்லிச் சமாளிக்கிறம். அப்படிப்பட்டவன் ஒரு வழி கண்டுபிடித்தான். தென்மேற்கில் சோளகக் காற்று எழும்ப எங்கள் ஆக்களில் கொஞ்சப் பேர் வள்ளத்தைப் பருத்தித்துறைப் பக்கம் கொண்டுபோய் அங்கே தொழில் செய்வார்கள். அந்த வள்ளங்களை றெயிலரில் ஏற்றி ஜீப்பில் கொழுவி இழுத்துக்கொண்டுபோய் விடுகிறான். காற்றுத் திரும்ப, திருப்பிக் கொண்டுவருகிறான். தரையில் நின்று கடற்றொழில் செய்கிறவன் குருநகரில் அவன் ஒருத்தன்தான். இந்த முறை பதினாலு வள்ளத்துக்குச் சொல்லுக் கொடுத்திருக்கிறான். ஜீப்பை விற்றால் அவன் வள்ளத்தில் ஏறவேண்டும். ஏறினால் என்ன நடக்கும் என்று எங்களுக்கும் தெரியும், மீனுக்கும் தெரியும்.

இனி நடந்ததைக் கேள். முதல் வள்ளம் லெனாட்டினது. லெனாட்டின் தாய் எழுபத்திரண்டாம் ஆண்டு என் கலியாணத்துக்குத் தந்த நாலு கோப்பையில் ஒன்று வெடிப்பு, அது இருக்கட்டும். லெனாட் வாய்க்காரன், என் பேரனை வழியில் ஏசினால் திருப்பி ஏச ஒரு ஆள் வேணுமே என்று நானும் ஜீப்பில் ஏறினேன். வள்ளத்து எஞ்சினைக் கழற்றிச் சாக்குச் சுற்றி ஜீப்பின் பின்பக்கத்தில் படுக்கவைத்தார்கள். வள்ளத்தைக் கொழுவியதும் ஜீப் பின்பக்கத்தால் குந்திவிட்டது, சாப்பாட்டுக்குப் பிறகு சம்மாட்டி முதலாளி குந்துறமாதிரி. மூக்கு வானத்தைப் பார்த்தது. கோப்பாய் தாண்ட மைமல் பொழுது, லைற்றைப் போட்டான். வெளிச்சம் ரோட்டில் விழவில்லை, தென்னையின் தலைவட்டில் விழுந்தது. நீர்வேலியில் மேல்மாடியில் சாரத்தோடு நின்ற ஒரு மனுசன் கண்ணைப் பொத்திக்கொண்டு, "தம்பி, நீர் ரோட்டைத் தேடுறீரோ, வானத்து வெள்ளியைத் தேடுறீரோ?" என்று கேட்டார். மேடு வாற இடமெல்லாம் றெயிலரைப் பூட்டுகிற கொழுவி தார் ரோட்டில் உரசிப் பொறி பறந்தது. வல்லை வெளிக்கு வந்தோம். அங்கே மரமும் இல்லை மதிலும் இல்லை, காற்று அடித்த கையோடு வள்ளம் நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டத் தொடங்கிவிட்டது. வள்ளம் இடப்பக்கம் போனால் ஜீப் வலப்பக்கம், வள்ளம் வலப்பக்கம் போனால் ஜீப் இடப்பக்கம். "அம்மம்மா, ஸ்ரேறிங்கிலை பாரமே இல்லை, காத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்கிறான் எமில். லெனாட் பின்சீற்றில் செபமாலை சொல்லத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வராதவன், அஞ்சு தேவரகசியத்தையும் வரிசை பிசகாமல் சொன்னான். அதோடு திரும்பி வந்துவிட்டோம். லெனாட் இறங்கினதும், "மாதம் முடியமுன்னம் சரிப்பண்ணு, இல்லாட்டி பதினாலு பேரும் லொறி பிடிப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் ஏசினேன். ஆனால் அவன் சொன்னது சரி.

பிறகு தேனுஜன் வந்தான், எமிலோடு படித்தவன், பட்டணத்தில் கராஜ் வைத்திருக்கிறான். பார்த்தவுடனேயே, "இதுக்கு லொறி ஸ்பிறிங்தான் மருந்து" என்று எங்கேயோ கிடந்த இரும்பை வெட்டி வளைத்துப் பின்பக்கத்தில் அடித்துப் பூட்டிவிட்டான். ஜீப் நிமிர்ந்தது, ஓம். ஆனால் மடங்க மறுத்துவிட்டது. கண் வெட்ட முதல் மானிப்பாய்க்கு ஒரு பரிசோதனைக்குப் போனேன், வள்ளமும் இல்லை வலையும் இல்லை, நானும் அவனும் மாத்திரம். ஒவ்வொரு குழிக்கும் ஜீப் ஆட்டுக்கடா மாதிரித் துள்ளியது. என் கட்டுப்பல்லு பாதி வழியில் கழன்று மடியில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பிள்ளை பிறசர் பார்த்துவிட்டு, "அம்மா, சண்டை பிடிச்சனீங்களோ?" என்று கேட்டது. "ஓம் பிள்ளை, ஜீப்போடை" என்றேன்.

அப்பதான் ஆரோ சொல்லி எமில் ஜீப்பை வள்ளத்தோடு அச்சுவேலிக்குக் கொண்டுவந்தான், லெனாட்டும் நானும் கூடவே வந்தோம். இங்கே கராஜ் நடத்துகிறது ஒரு பெண்பிள்ளை. ஜெயகௌரி, இருபத்தொன்பது வயது. ஏரம்புவின் மகள். ஏரம்பு ஆரென்று கீழே வருகிறது. முதலே தெரிந்திருந்தால் நான் வெல்டிங் புகையைக்கூட மூச்செடுத்திருக்க மாட்டேன். தெரியாமல் இறங்கிவிட்டேன், இறங்கினதால் பார்த்தேன், பார்த்ததால் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை வந்த கையோடு ஸ்பானரைத் தூக்கவில்லை. முதலில் தேனுஜனின் இரும்பைக் கழற்றிவிட்டுப் பழைய ஸ்பிறிங்கையே பூட்டினாள். பிறகு வள்ளத்தைக் கழற்றிவிட்டு, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு மட்டும் நாலு சில்லுக்கும் ரேப்பால் அளந்து சுவரில் சோக்கால் எழுதினாள். வள்ளத்தைக் கொழுவித் திரும்ப அளந்தாள். ரேப்பில் அவளுக்கு ஏதோ கணக்கு, என் கையால் பார்த்தால் பின்பக்கம் ஆறு விரல் இறக்கம், முன்பக்கம் இரண்டு விரல் ஏற்றம். "ஆச்சி, பின்னுக்குக் குந்தினால் முன்சில்லிலை பாரமில்லை. பாரமில்லாத சில்லு ரோட்டைப் பிடியாது. உங்கடை பேரன் காத்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடினது மெய்தான்" என்றாள். எமிலின் முகம் இரண்டு கிழமைக்குப் பிறகு அப்பதான் வெளித்தது. பிறகு றெயிலரில் ஏறி வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நங்கூரம், ஐஸ்பெட்டி, வலை, கயிறு, எண்ணெய்க் கான் எல்லாம் அணியத்தில், முன்மூக்கில், அடுக்கிக் கிடந்தன.

"இதை ஏன் எல்லாம் முன்னுக்கே ஏத்தினனீங்கள்?"

"அப்பிடித்தானே பிள்ளை ஏத்திறது. பின்பக்கம் கடையாரிலை எஞ்சின் தொங்குது. அணியத்திலை எதிர்ப்பாரம் வைக்காட்டி வள்ளம் பின்னாலை குந்தும். உது குருநகரிலை பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்" என்று நான் சொன்னேன்.

"எஞ்சின் எங்கை ஆச்சி?"

"ஜீப்புக்குள்ளை."

"அப்ப எஞ்சின் இல்லாத வள்ளத்துக்கு, தரையிலை நிக்கேக்கை, எதிர்ப்பாரம் ஆருக்கு?"

தம்பி, எனக்கு எழுபத்துமூன்று வயது. வள்ளம் ஏற்றுகிறது எப்படி என்று அன்றைக்குத்தான் படித்தேன். அத்தனை பாரமும் கொழுவியில், கொழுவிப் பாரம் ஜீப்பின் முதுகில், அதுக்கு மேல் எஞ்சினும் அங்கேயே. கடலில் நாலு தலைமுறையாகச் சரியாகச் செய்ததை ரோட்டிலும் செய்திருக்கிறோம். லெனாட்டும் நானும் ஆளை ஆள் பார்த்தோம், இரண்டு பேரும் ஏசவில்லை. ஐஸ்பெட்டியையும் வலையையும் றெயிலரின் அச்சுக்கு மேலே நகர்த்தச் சொன்னாள். நங்கூரத்தை மாத்திரம் முன்னுக்கு விட்டாள். "மொத்தப் பாரத்திலை பத்திலை ஒரு பங்கு கொழுவியிலை இருக்கத்தான் வேணும், எல்லாத்தையும் எடுத்தாலும் வாலாட்டும்" என்றாள். திரும்ப அளந்தோம். ஆறு விரல் இரண்டரை விரலாகிவிட்டது. இன்னும் ஒரு ஆணியும் கழற்றவில்லை.

மிச்ச இரண்டரைக்குத்தான் அவள் சாமான் தெரிவு செய்தாள், அதிலும் அவளின் புத்தியைப் பார். உன் நாலங்குலச் செற் வேண்டாம், ஜீப் உயர்ந்தால் கொழுவியும் உயரும், றெயிலர் வானத்தைப் பார்க்கும், காற்றுக்கு இன்னும் நல்லாய் அகப்படும். லொறி இரும்பும் வேண்டாம், அதை என் பல்லே சொல்லிவிட்டது. பழையதைவிட ஒரே ஒரு படி உரமான சுருள் ஸ்பிறிங், அந்த ஸ்பிறிங்கை அடக்குகிற அளவான சொக்கப்சோபர் நாலு, ஸ்பிறிங்குக்குள்ளே வைக்கிற றப்பர் காற்றுப் பை ஒரு சோடி. வள்ளம் கொழுவும்போது சைக்கிள் பம்பால் பைக்குக் காற்று அடிக்கலாம், வெறுமனே ஓடும்போது இறக்கிவிடலாம். பாரத்துக்கு ஒரு ஜீப், ஆச்சிக்கு ஒரு ஜீப், இரண்டும் ஒரே ஜீப். வெடித்துக் கிடந்த றப்பர் புஸ் எல்லாம் தானே மாற்றிவிட்டாள். எமில் சந்தோசத்தில், "அப்ப இனிப் பெரிய வள்ளமும் இழுக்கலாமோ அக்கா?" என்று கேட்டான். "ஏலாது தம்பி. ஸ்பிறிங் மாத்தினால் ஜீப் குந்தாது, அவ்வளவுதான். சுமக்கிற பெலன் கூடாது. பிறேக் அதே பிறேக், அச்சு அதே அச்சு" என்றாள். சாமான் பூட்டுகிறவர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நேற்று வேறொருவரின் ஜீப்பிலிருந்து அதே மாதிரிச் சாமானை இரவலுக்கு எடுத்துப் பூட்டி, லெனாட்டின் வள்ளத்தோடு வல்லை வெளிக்குப் போனோம். வெட்டின கண்ணோடு நான் முன்சீற்றில். அதே காற்று, அதே வெளி. வள்ளம் பூசைக்குப் போகிற கன்னியாஸ்திரி மாதிரி நேரே பின்னால் வந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. லெனாட் பின்சீற்றில் நித்திரை. இரவல் சாமானைச் சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்தப் பழைய ஜீப்புக்குப் புதுசு இங்கே கிடைக்கவில்லை. ஆகவே ஜீப்பை விற்கிற கதையை விடு, உன் உயர்த்துற செற்றை நீயே வைத்துக்கொள், ஜெயகௌரி எழுதித் தந்த பெயர்களைப் பார்த்து அதையே அனுப்பு. அது வருமட்டும் பாரத்தைச் சரியாக ஏற்றி மெதுவாக இழுக்கலாம் என்கிறாள். எமில் கேட்கமாட்டான், கூச்சம். நான் கேட்கிறேன்.

இனி ஏரம்பு. மகளைப் புகழ்ந்ததால் தகப்பனை விட்டேன் என்று நினைக்காதே. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி முப்பது, ஆமி வருகுதென்று ஊரே ஒரு ரோட்டால் தென்மராட்சிக்குப் போன நாள். நீ அப்ப பிரான்சில். ஏரம்பு குடும்பம் அச்சுவேலியிலிருந்து முதலே இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கையில் இருந்தது. அவரின் உழவு மிசினில், றக்ரரில், கொழுவின பெட்டியில்தான் நாங்கள் ஏறினோம். ஐயா எனக்குச் சீதனமாகச் செய்வித்துத் தந்த தேக்கு அலுமாரியையும் ஏற்றினோம், மூன்று கதவு, நடுவில் ஆளுயரக் கண்ணாடி. நாவற்குழிப் பாலத்தடியில் அதைத் தள்ளி விழுத்திப்போட்டு ஒருவர் மிசினை ஓட்டிக்கொண்டு போனார். கண்ணாடி உடைந்த சத்தம் இன்றைக்கும் கேட்கிறது. இந்த இடத்தில் எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார். துடைக்கட்டும். ஒரு சொல்லும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் இதை எழுதுகிறது அதே ஏரம்புதான். தன் குற்றத்தைத் தன் கையாலேயே எழுதவேண்டும் என்று முப்பது வருடமாகப் பார்த்திருந்தேன். இன்றைக்கு வாய்த்தது. தேத்தண்ணியும் தந்தவர், குடித்தேன், அதுக்காக மறந்தேன் என்றில்லை.

மச்சாளுக்கு என் அன்பு. லவீனாவின் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போட்டுவிடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் குளிரிலும் கோபத்திலும் காக்கட்டும். சாமான் அனுப்பினவுடன் போன் எடு. எடுத்தால் நான் கதைத்து முடியுமட்டும் வைக்காதே.

இப்படிக்கு
உன் அக்கா
செபஸ்தியம்மா

பின்குறிப்பு: தம்பி அடைக்கலநாதன், இது அக்கா சொல்லி எழுதியதல்ல. அவ வள்ளத்தடியில் லெனாட்டோடு கோப்பை விசயம் கதைக்கப் போயிருக்கிறா. அந்தப் பின்னேரம் பாலத்து ஏற்றத்தில் என் மிசினின் முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பிவிட்டன. ஆண்கள் எல்லோரும் இறங்கியும் மிசின் பாலத்தில் ஏறவில்லை. என் மனுசி நிறைமாதம், நடக்க மாட்டா, இறங்குகிறேன் என்று அழுதா. அலுமாரியைத் தள்ளினது நானில்லை. உங்கள் அக்கா கயிற்றை அறுத்து, காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, "பாத்துக்கொண்டு நிக்கிறாய், ஓட்டடா ஏரம்பு" என்றா. மூன்றாம் நாள் கொடிகாமத்தில் ஜெயகௌரி பிறந்தாள். நன்றி சொல்லப் போன ஒவ்வொரு முறையும் அலுமாரிக்கு என்ன பதில் என்று கேட்டுக் கலைத்துவிடுவா. அதனால் குற்றத்தை நானே வைத்திருக்கிறேன், பாரமில்லை.

இன்னொன்று. நேற்று மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அலுமாரி பெட்டியில் எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டாள். முன்னுக்கு, கொழுவிப் பக்கம் என்றேன். "அச்சுக்கு மேலை வைச்சிருந்தால் அம்மாவும் பாலம் தாண்டியிருப்பா, அலுமாரியும் தாண்டியிருக்கும் அப்பா" என்கிறாள். அதை முன்னுக்கு ஏற்றினது நான்தான். இதை உங்கள் அக்காவுக்குச் சொல்லிவிடாதேங்கோ.

ஏரம்பு