அறுவடை: இல்லை

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்தது. உங்கள் நிலத்தை நான் பாழாக்கிவிட்டதாகவும், வரும் பருவத்திலிருந்து குத்தகையை வேறொருவருக்கு மாற்றப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகிறது அல்லவா, அதைத் தடுக்க மூடுபயிர் விதைப்பவர்களுக்கு வேளாண் அலுவலகம் ஊக்கத்தொகை தருகிறது. விளைந்ததைப் பறிக்கக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது, பூக்கும்போது அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும். ஒன்றரை ஏக்கரிலும் தட்டைப்பயறு விதைத்தேன். விதைக்கடைக்காரர், "விதைப்பே, அறுக்க மாட்டே, அதுக்குக் காசு வேறயா? எனக்கும் அப்படி ஒரு வேலை சொல்லுப்பா, இலையில உக்காந்துட்டு சாப்பிடாம எந்திரிக்கிறேன்" என்றார்.

பயிர் மண் தெரியாமல் படர்ந்தது. வினை, ஊக்கத்தொகைக்குக் கொடுக்கும் படிவத்தில் வந்தது. அதில் 'அறுவடை' என்றொரு கட்டம். நிபந்தனைப்படி 'இல்லை' என்று எழுதினேன். வாங்கிப் பார்த்த எழுத்தர் புதியவர், இளகிய மனசுக்காரர். "மனசை விட்டுடாதீங்க சார்" என்றார். "நானே இஷ்டப்பட்டு செஞ்சதுதாங்க" என்றேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அலுவலக வாசலில் ஒட்டிய 'பயிர் பொய்த்தோர்' பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. எதிர்வீட்டு டீச்சர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து துக்கம் விசாரித்தார், டிராக்டர்காரர் முன்பணம் இல்லாமல் வர மாட்டேன் என்கிறார், பெயரை எடுக்கச் சொல்லப் போனால் எழுத்தர், "அறுவடை இருக்குன்னு எழுதிக் குடுங்க, எடுத்துடறேன்" என்கிறார். அப்படி எழுதினால் ஊக்கத்தொகை கிடையாது. இல்லைன்னா பயிர் போச்சு, இருக்குன்னா காசு போச்சு, நான் எங்க போய் முட்டிக்கிறது மச்சான்?

உங்களுக்கு யாரோ சொன்னது அந்தப் பட்டியலை வைத்துத்தான். பயிர் செழிப்பாக நிற்கிறது. வியாழக்கிழமை வேளாண் அலுவலரே பார்க்க வருகிறார். நீங்களும் ஒரு நடை வாருங்கள். பதினோரு வருடம் உழுத நிலம், கண்ணால் பார்க்காமல் பிடுங்கிவிடாதீர்கள்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் பக்கமும் மழை அளவோடு பெய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் வயலுக்குப் போனேன். உங்கள் தங்கை காலையிலேயே வேலிப் படலைத் திறந்து, பக்கத்துப் பால்பண்ணை மாடுகள் முப்பதையும் உள்ளே விட்டிருக்கிறாள். கேட்டால், "பயிர் போச்சுன்னு ஆபீஸ்லயே எழுதி ஒட்டிட்டாங்க, மாடாவது தின்னுட்டுப் போகட்டும்" என்கிறாள். இப்போது மண் நன்றாகத் தெரிகிறது. பட்டியலில் பிழை ஏதும் இல்லை. குத்தகையைப் பற்றி இனி நீங்கள் அவளிடமே பேசிக்கொள்ளுங்கள்.