கூடத்துச் சுவரின் முதல் நிறம்

என் வாழ்க்கையில் ஒரு சுவராவது என் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். சொந்த வீட்டுச் சுவரைச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. அங்கே திரைச்சீலையிலிருந்து என் சட்டை வரைக்கும் நிறம் பார்ப்பது மனைவிதான்.

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய டாக்டர் வீடு. வீட்டுக்கு எண்பது வயது. முப்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதைச் சரிபண்ணி எல்லாருக்கும் பொதுவான வாசகசாலை ஆக்குவதென்று தெருவே வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியது. சம்பளம் இல்லை, முதுகுவலி உண்டு. கூடத்துக்கு என்ன நிறம் என்பதில்தான் தகராறு.

"பச்சை," என்றேன் நான்.

"ரோஸ்," என்றாள் மனைவி.

தலைமை தாங்கிய ரிடையர்டு ஓவர்சியர் கையை உயர்த்தினார். "பழைய வீட்டுல நம்ம ஆசை முக்கியமில்ல. ஞாயித்துக்கிழமை சுவரைச் சுரண்டுவோம். அடியில முதல்ல என்ன நிறம் இருக்கோ, அதையே அடிப்போம்."

சனிக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம். கதவோரம் உள்ளங்கை அளவு பச்சை பூசினேன். மேலே சுண்ணாம்பு. அதற்கும் மேலே ஒரு பிடி தூசி. எனக்கே இடம் தெரியவில்லை. சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஏதோ தற்செயல் போல அந்தப் புள்ளியில் தகட்டை வைத்துச் சுரண்டினேன். பச்சை! கூடமே கைதட்டியது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் என்னைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

மனைவி வந்தாள். பச்சையைக் கட்டைவிரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் கண்ணே கண்ணு!" என்றாள் சத்தமாக. "ஆனா சார், ஒரு இடம் பார்த்தா போதுமா? நாலு இடம் பார்க்க வேணாமா?"

"ரொம்பச் சரிம்மா," என்றார் ஓவர்சியர்.

"அப்ப இவரே சுரண்டட்டும். ஜன்னல் ஓரம், அலமாரிக்குப் பின்னாடி, மாடிப்படிக்குக் கீழே."

ஜன்னல் ஓரம் சுரண்டினேன். ரோஸ். மூச்சு வாங்க அலமாரியை நகர்த்தினேன். ரோஸ். மாடிப்படிக்குக் கீழே தவழ்ந்து போனேன். அங்கேயும் ரோஸ்!

"மூணு இடத்துல ரோஸ், ஒரு இடத்துல பச்சை," என்று தீர்ப்புச் சொன்னார் ஓவர்சியர். "பச்சை, பின்னாடி எவனோ விவரம் தெரியாதவன் ஒட்டுப் போட்டது."

அந்த எவனோ முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டான்.

வீடு திரும்பும்போது கேட்டே விட்டேன். "ஏம்மா, அடியில ரோஸ்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அடியில என்ன இருக்குன்னு யாருக்குங்க தெரியும்?"

"பின்னே?"

அவள் கட்டைவிரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பச்சைப் பசேல் என்று இருந்தது.

"பெயிண்ட் காய ரெண்டு நாளாவது விடணுங்க. நான் வெள்ளிக்கிழமையே பூசிட்டேன்."