ஜன்னல் சீட்டில் மிங்மா

எனக்குப் பொய் சொல்ல வராது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. நன்றாக வரும். கோபத்தில் மட்டும் உண்மை வரும். எனக்கு நாள் முழுக்கக் கோபம் வருவதால் உண்மை பேசுகிறவள் என்று பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பெயர் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புதன்கிழமை காலை, தரமணியில், மைக் முன்னால் கிழிந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மந்தைவெளியில் வீடு. அதற்குள் மூன்று வேலைகளை விட்டிருந்தேன். (விட்டேன் என்பது வீட்டில் சொன்னது. மூன்று இடத்திலும் வாயை மூடச் சொன்னார்கள். மூடவில்லை. கதவைக் காட்டினார்கள்.) நான்காவது, தரமணியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வசுமதி மேடத்துக்கு உதவியாளர் வேலை. மேடம் ஷெர்பா மொழியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு விஷயம் நடந்தது, நடந்திருக்கும், நடக்கலாம் என்பதை அந்த மக்கள் எவ்வளவு உறுதியோடு சொல்கிறார்கள், அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் ஆய்வு.

“இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?” என்றார் அப்பா. எனக்கும் அதே சந்தேகம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஷெர்பா பேசுகிறவரைத் தேடி இமயமலைக்குப் போகவில்லை. அடையாறில் ஒரு சைனீஸ் ஓட்டலின் சமையல்கட்டில் இருந்தார். பெயர் மிங்மா. செவ்வாய்க்கிழமை பிறந்ததால் வைத்த பெயராம். நாற்பது வயது இருக்கும். டார்ஜிலிங்கிலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தார். அந்தச் சமையல்கட்டு அவருக்குக் கொடுத்த தமிழ் என் தமிழைவிட வேகமானது.

முதல் நாள், “நீங்க கூர்க்காவா?” என்று கேட்டேன்.

“நீ மலையாளியா?” என்றார்.

“இல்லையே.”

“அப்ப நானும் இல்ல. உக்காரு தங்கச்சி.”

மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை அடுப்பு ஓய்ந்திருக்கும். அதுதான் எங்கள் நேரம். நான் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வேன். அவர் ஷெர்பாவில் சொல்வார். டேப்பில் பதிந்து, ஓர் அட்டையில் எழுத வேண்டும். குழந்தை வேலை என்று நினைத்தேன்.

“‘முட்டை கெட்டுப்போச்சு.’ இதைச் சொல்லுங்கண்ணே.”

“யாரு பாத்தா?”

“யாரோ பாத்தாங்க. நீங்க சொல்லுங்க.”

“யாரோ பாத்தா யாரோ சொல்லட்டும். நான் ஒடைச்சிப் பாத்தேனா? கூடையாண்ட போவ சொல்லோ நாத்தம் வந்துச்சா? இல்ல, கெட்டிருக்கும்னு சும்மா நெனைக்கிறேனா? அத்த சொல்லு மொதல்ல.”

அந்த மொழி அப்படி. கண்ணால் பார்த்தது என்றால் வினைச்சொல்லுக்கு ஒரு வால். தடயத்தை வைத்து ஊகித்தது என்றால் வேறு வால். இருக்கலாம் என்று தோன்றினால் அதற்கும் தனியாக உண்டு. என்ன நடந்தது என்பதோடு, அது தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மழுப்ப முடியாது. ஆகவே ஒவ்வோர் அட்டையின் அடியிலும் ‘பார்த்தது’, ‘மோந்தது’, ‘நினைத்தது’ என்று நான் எழுதவேண்டி வந்தது. எழுதாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனால் மிங்மா வாயைத் திறக்கமாட்டார். இப்படி மூன்று மாதத்தில் முந்நூறு அட்டைக்கு மேல் சேர்ந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் அவரோடு ஒரு சண்டை.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. வெளியூரிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு ஆய்வைப் பார்வையிட வந்தது. அவர்களுக்குத் திருப்தி என்றால் இன்னும் இரண்டு வருடம் வேலை. இல்லையென்றால் அந்த மாதத்தோடு கடை மூடல். நான் நான்காவது முறையாகச் சும்மா வீட்டுக்குப் போனால் அப்பா எதுவும் சொல்லமாட்டார். அதுதான் பயம்.

“பத்து மணிக்கு மிங்மா ஹால்ல இருக்கணும். நீயே கையோட கூட்டிண்டு வந்துடு” என்றார் மேடம். எனக்கு இருந்த ஒரே வேலை அது.

அதை ஒரு ஜாக்கெட் கெடுத்தது. குழு வரும் நாளுக்குப் புது ஜாக்கெட் என்று தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்திருந்தேன். “காலைல ஏழு மணிக்குக் கண்டிப்பா ரெடிம்மா” என்றார். (எங்கள் ஊரில் தையல்காரர் சொல்லும் ‘கண்டிப்பா’வுக்கு ஷெர்பாவில் எந்த வாலும் கிடையாது. மிங்மாவிடமே கேட்டுவிட்டேன்.) ஏழுக்குப் போனேன். கடை மூடியிருந்தது. எட்டுக்குத் திறந்தார். ஒரு கைதான் தைத்திருந்தது. அடையாறுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். நான் கிளம்பவில்லை. அவருடைய கத்தரிக்கோல், அவருடைய வாக்கு, அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என்று வரிசையாக ஒருவரையும் விடாமல் ஒன்றே கால் மணி நேரம் திட்டினேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு கையைத் தைத்தார். கவனம் எங்கே இருக்கும்? ஒரு கை முழங்கை வரை, இன்னொன்று தோளோடு நின்றுவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடி ஓட்டலுக்குப் போன் செய்தேன்.

“மிங்மா அண்ணன் இருக்காரா?”

“அவரு போயிருப்பாரு மேடம்” என்றார் கேஷியர்.

பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதமாக அதே கேள்வியால் அடிவாங்கியவள், கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறினேன். ‘போயிருப்பாரு’ என்பது மத்திய கைலாஷ் தாண்டும்போது ‘போயிட்டாரு’ ஆனது. தரமணி வருவதற்குள் அவர் பஸ்ஸில் ஏறியதை நானே பார்த்துவிட்டேன்.

பத்தேகாலுக்கு ஹாலின் பக்கக் கதவு வழியாக நுழைந்தேன். திரையில் படம் காட்டுவதற்காக விளக்கை அணைத்திருந்தார்கள். மேடம் மைக் முன்னால் வியர்த்துப்போய் நின்றார். மைக் உயிரோடு இருந்தது அவருக்கும் மறந்துவிட்டது, எனக்கும் தெரியாது.

“மிங்மா எங்கடீ?”

“வந்துட்டே இருக்கார் மேடம். நானே பஸ் ஏத்திவிட்டேன்.”

“நீ பார்த்தியா?”

“இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். ஜன்னல் சீட்டு.”

ஹால் முழுக்க, ஸ்பீக்கர் வழியாக, ஜன்னல் சீட்டு.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “தங்கச்சி, நான் இங்கதாம்மா கீறேன்.”

யாரோ விளக்கைப் போட்டார்கள். மிங்மா கோட்டு, டை கட்டி, தலையை எண்ணெய் வைத்து வாரி, மடியில் வடைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“நீ வர்லன்னதும் நானே வந்துட்டேன். சைக்கிள்ல.”

பஸ்ஸே இல்லை! ஹால் சிரித்த சிரிப்பில் என் குட்டைக் கை இன்னும் சுருங்கியது போலிருந்தது.

குழுத் தலைவர் சிரிக்கவில்லை. அவர் தமிழர், என் துரதிர்ஷ்டம். “அம்மா, இந்தப் பெண்தான் தகவல் சேகரித்ததா?” என்று மேடத்திடம் கேட்டார். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிறவள் எழுதிய அட்டைகளை யார் நம்புவார்கள்? மேடத்தின் முகம் வெளுத்தது. மேடத்தின் ஆய்வு என் வாயால் போகப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் உண்மையும் வந்துவிட்டது.

மைக்கைப் பிடுங்கினேன். “நான் பாக்கலை சார். பொய். கேஷியர் ‘போயிருப்பாரு’ன்னார். அவரும் பாக்கலை. நான் டெய்லரோட சண்டை போட்டுட்டிருந்தேன். இதோ பாருங்க கையை!” இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். “ஆனா அட்டையில பொய் கிடையாது. அந்த ஆள் விடமாட்டார். ஏதாவது ஒண்ணை எடுத்து அவரையே கேளுங்க!”

தலைவர் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவினார். நான் எழுதியிருந்த தமிழை மட்டும் படித்தார். மிங்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஷெர்பாவில் சொன்னார். “இத்த மோந்துதான் சொன்னேன் சார். பாக்கல.” அட்டையின் அடியில் ‘மோந்தது’ என்று இருந்தது. இன்னொன்று. அதுவும் சரி. ஏழு அட்டைகள் எடுத்தார். ஏழும் சரி.

எட்டாவதற்குக் கையை நீட்டியவர் நிறுத்தினார். “இந்தப் பெண் சொன்னாளே, மிங்மா பஸ் ஏறினார் என்று. அதை அப்படியே உங்கள் மொழியில் சொல்லுங்கள்.”

மிங்மா யோசித்தார். “அவ சொன்னா மாதிரி நான் சொன்னா நானும் பொய் சாட்சி சார். கேஷியரு மாதிரி சொல்றேன்.” சொன்னார். “ஏறியிருக்கலாம், யாருக்குத் தெரியும்னும் சொல்லலாம்.” அதையும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “சரி, உன்துயும் சொல்லிடறேன். பாவம், கஷ்டப்பட்டு பாத்திருக்க.” மூன்றாவதாக அதைச் சொன்னார். மூன்றிலும் ஆள் அதே ஆள், பஸ் அதே பஸ். வால் மட்டும் வேறு. மேடம் பல நாள் உட்கார்ந்து தயாரித்த படங்கள் ஒன்றுகூடத் திரைக்கு வரவில்லை. தேவைப்படவுமில்லை. தலைவர் அப்போதுதான் சிரித்தார்.

ஆய்வு இரண்டு வருடம் நீண்டது. எனக்கும் வேலை இருந்தது. (மேடம் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அது தனி.) பிறகு வந்த மேடத்தின் கட்டுரையில் அந்த மூன்று வாக்கியங்களும் உதாரணமாக அச்சாகின. மூன்றாவதன் கீழே ‘பேசுபவர் நேரில் பார்த்ததாகக் கூறுவது’ என்று ஒரு குறிப்பு. அந்தப் பேசுபவர் நான்தான். எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஆயிரம் பொய் சொல்லியிருப்பார்கள். ஒருவர் பொய்யும் எண் போட்டு அச்சில் வந்ததில்லை. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். ஷெர்பாவும் புரியாது, இங்கிலீஷும் பாதிதான் புரியும், இருந்தும் இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மந்தைவெளி முழுக்கக் காட்டினார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால் கேள்வி ஒன்றுதான். போன வாரம் மகள் போன் செய்தாள்.

“அம்மா, நான் கிளம்பிட்டேன். பாதி தூரம் வந்தாச்சு.”

“ஜன்னல் சீட்டா?” என்றேன்.



“இல்லம்மா. இன்னும் குளிக்கலை.”